வாங்கும் கைக்கும் வாய் உண்டு

காலத்தைக் குறிப்பிட்டு வாக்களிக்கும் நூலுக்கு அந்தக் காலமே நீதிபதியாக வந்து அமர்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் 2005ஆம் ஆண்டில் 'வறுமையின் முடிவு' என்னும் நூலை வெளியிட்டார். செல்வ நாடுகள் தங்கள் கடமையைச் செய்தால் 2025ஆம் ஆண்டுக்குள் கொடிய வறுமையை உலகினின்றும் அகற்றிவிடலாம் என்பது அந்நூலின் உறுதிமொழி. அந்த ஆண்டும் வந்தது. வறுமை முடியவில்லை, உலக வங்கியின் கணக்குப்படி அவ்வாண்டில் ஏறத்தாழ 80 கோடி மக்கள் கொடிய வறுமையில் உழன்றனர். முடிந்தது வேறொன்று. 1961இல் அதிபர் கென்னடி தோற்றுவித்த யு.எஸ்.எய்ட் என்னும் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம் 2025 ஜூலை 1ஆம் நாள் மூடப்பட்டது. அதன் திட்டங்களில் நூற்றுக்கு 83 கைவிடப்பட்டன என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே மார்ச் மாதத்தில் அறிவித்திருந்தார்.

அதே ஜூலை மாதத்தில் வெளிவந்த ஒரு செய்தி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் பசியால் வாடும் குழந்தைகளுக்கென அமெரிக்கா வாங்கிய ஏறத்தாழ 500 டன் சத்து பிஸ்கட்டுகள் துபாய்க் கிடங்கொன்றில் கிடந்தன. வழங்குவதற்கு அனுமதி வராமையால் அவை காலாவதியாயின, எரித்துவிடுமாறு உத்தரவாயிற்று. குழந்தைகள் இருந்தனர், உணவும் இருந்தது, பணமும் முன்னரே செலுத்தப்பட்டிருந்தது. இடையில் ஒரு கையொப்பம் மட்டும் இல்லை.

இச்செய்திக்குப் பின்னர், அயல்நாட்டு உதவியைப் பற்றிய மூன்று நூல்களையும் ஒரு திருத்தந்தையின் சுற்றுமடலையும் மீண்டும் எடுத்துப் படித்தோம். ஒரு கேள்வியே நம் முன் நின்றது: அந்தக் கிடங்கின் முன் நின்று 'ஏன்?' என்று கேட்கும் உரிமை அக்குழந்தைகளின் தாய்மாருக்கு உண்டா? உதவியைப் பற்றி எழுதியோர் அந்த உரிமைக்குத் தங்கள் நூலில் எவ்வளவு இடம் தந்திருக்கிறார்கள்?

மருத்துவர் பேசுகிறார், நோயாளி?

சாக்ஸின் நூல் இரக்கத்தால் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. விளைந்தது அனைத்தையும் உண்டு தீர்த்தாலும் பசியாறாத உழவனால் உரத்துக்கும் விதைக்கும் மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சமின்றி மறு ஆண்டு விளைச்சல் பெருகாது. இந்தக் கண்ணியிலிருந்து அவன் தானாக விடுபட இயலாது. வெளியிலிருந்து ஒரு கை நீண்டு அவனை ஏணியின் முதற்படியில் ஏற்றிவிட்டால் எஞ்சிய படிகளை அவனே ஏறிக்கொள்வான். இதுவே சாக்ஸின் வாதம். ஏணி என்னும் உவமை எளியது. பாமரரும் புரிந்துகொள்ளத் தக்கது.

செல்வ நாடுகள் தங்கள் தேசிய வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்கை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை 1970ஆம் ஆண்டிலேயே தீர்மானித்தது. அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்றுதான் சாக்ஸ் மன்றாடினார். 2024இல் அந்த அளவை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் என்னும் 4 நாடுகள் மட்டுமே. உதவி தரும் நாடுகளின் கூட்டுச் சராசரி அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆதலால், உதவி தோற்றுவிட்டது என்போரை நோக்கி, முழுமையாகச் செய்து பார்க்கப்படாத ஒன்றை எவ்வாறு தோற்றது என்கிறீர் என்று சாக்ஸ் கேட்பது நியாயமே.

எனினும் அவருடைய இன்னொரு உவமையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஏழை நாட்டின் பொருளாதாரத்தை ஒரு நோயாளியின் உடலாகவும், பொருளியல் அறிஞரை மருத்துவராகவும் அவர் காண்கிறார். குழந்தை மருத்துவரான தம் துணைவியார் நோயைக் கண்டறியும் முறையிலிருந்து தாம் கற்றதாகவே எழுதுகிறார். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, சோதித்து, மருந்து எழுதித் தருவது நல்ல மருத்துவரின் இலக்கணம். ஆயின், இவ்வுவமையில் நோயாளிக்கு வலியைச் சொல்லும் வாய் மட்டுமே உண்டு. மருத்துவரை மாற்றும் உரிமையோ, மருந்தை மறுக்கும் உரிமையோ இல்லை. கென்யாவின் சௌரி முதலிய சிற்றூர்களில் அவர் வழிநடத்திய 'மில்லேனியம் ஊர்கள்' திட்டத்தில் உரமும் கொசுவலையும் மருத்துவமும் ஒருங்கே வந்தன, பயனும் விளைந்தது. ஆனால் திட்டம் பெறாத அண்டை ஊர்களைத் தொடக்கத்திலிருந்தே அளந்து ஒப்பிடாமையால், விளைந்த நன்மையில் எவ்வளவு திட்டத்தால் வந்தது, எவ்வளவு காலத்தின் போக்கில் வந்தது என்பது தீராத வழக்காயிற்று. தம் மருந்தின் மேல் மருத்துவருக்கு இருந்த நம்பிக்கை, அதனைச் சோதித்தறியும் பொறுமையை விஞ்சிவிட்டது.

காசில்லாத வாடிக்கையாளர்

சாக்ஸை மறுத்து 2006இல் 'வெள்ளையரின் சுமை' என்னும் நூலை வெளியிட்டவர் வில்லியம் ஈஸ்டர்லி. பல ஆண்டுகள் உலக வங்கியில் பணியாற்றியவர். ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் 1899இல் எழுதிய பேரரசுக் கவிதையின் தலைப்பையே எள்ளலாக எடுத்துக்கொண்டார். 50 ஆண்டுகளில் 2,30,000 கோடி டாலர் உதவியாகச் செலவழிந்தும், மலேரியாவால் மாளும் குழந்தைகளில் பாதிப் பேரைக் காக்கக்கூடிய 12 சென்ட் மருந்து அவர்களைச் சென்று சேரவில்லையே என்று அவர் கேட்கிறார். 2005இல் ஹாரி பாட்டர் கதைநூலின் 90 இலட்சம் படிகள் ஒரே நாளில் அமெரிக்க, பிரிட்டிஷ் சிறுவர்களின் கைகளை எட்டியதை அதனருகே வைத்துக் காட்டுகிறார். உறைக்கும் ஒப்பீடு அது.

காரணத்தை அவர் சுருங்கச் சொல்கிறார். உலகில் திட்டமிடுவோர் உளர், தேடுவோர் உளர். திட்டமிடுவோர் மேலிருந்து விடையோடு வருகிறார்கள். தேடுவோர் கீழே நின்று, எது பயன்பட்டது என்று கேட்டுக் கேட்டுக் கற்கிறார்கள். உதவி நிறுவனங்களோ யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத திட்டமிடுவோரின் கூடாரங்களாகிவிட்டன. பயன் பெறுவோரின் குரல் மேலே ஏறிவரும் வழி அடைபட்டிருப்பதே அடிப்படை நோய் என்பது அவருடைய முடிவு. மூன்று நூல்களில் நம் கேள்விக்கு மிக அருகில் வந்து நிற்பது இதுவே. அதற்காக அவருக்கு நாம் நன்றி கூற வேண்டும்.

ஆனால் அவர் காட்டும் முன்மாதிரி பெரும்பாலும் அங்காடிதான். கதைநூல் ஒரே நாளில் சேர்ந்தது, வாங்குவோர் கையில் பணம் இருந்தமையால் அன்றோ? மலேரியாக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாயிடம் அந்த 12 சென்ட்டும் இல்லை. காசில்லாதவர் கடைக்காரரைக் கேள்வி கேட்க முடியாது. வாடிக்கையாளர் என்னும் சொல் ஏழைக்கு வாய் தருவதுபோல் தோன்றுகிறது. அந்த வாய்க்குப் பணத்தை முன்நிபந்தனையாகவும் வைத்துவிடுகிறது.

ஆப்பிரிக்காவின் குரலும் அதன் எல்லையும்

மூன்றாவது நூல், சாம்பியா நாட்டில் பிறந்த டம்பிசா மோயோ 2009இல் எழுதிய 'செத்த உதவி'. அதற்கு முன்னர் ஆப்பிரிக்காவுக்கான உதவியைப் பற்றி வெள்ளையரும் பாடகர்களும் உரத்துப் பேசிக்கொண்டிருந்தனர். ஆப்பிரிக்கப் பெண்ணொருத்தி பேசியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அரசுக்கு அரசு பாயும் உதவி, ஆள்வோரைத் தம் குடிகளை மறக்கச் செய்கிறது என்றார் அவர். குடிமக்களின் வரியால் வாழும் அரசு குடிமக்களுக்கு அஞ்சும். அயலார் தரும் பணத்தால் வாழும் அரசு அயலாரையே பார்த்திருக்கும். 1965 முதல் 1997 வரை சாயிர் நாட்டை ஆண்ட மொபூட்டு இதற்குச் சான்று. ஒழுங்கீனம் மலிந்துவிட்டது, கொடுத்த பணம் திரும்பாது என்று ஏர்வின் ப்ளூமென்டால் என்னும் ஜெர்மானிய வங்கி அதிகாரி 1982இலேயே எழுதி எச்சரித்த பின்னரும் மேற்குலகப் பணம் அங்கே பாய்ந்தது. மொபூட்டு கம்யூனிச எதிர்ப்பு அணியில் நின்றார் என்பதே போதுமானதாக இருந்தது. அவர் பிறந்த வட்டாரத்தில் கட்டிய அரண்மனைக்கு அருகே கான்கார்டு விமானம் இறங்கத்தக்க ஓடுதளம் அமைந்தது. நாட்டின் தலையில் கடன் அமர்ந்தது.

மோயோ கூறும் கொசுவலைக் கதையும் நினைவில் நிற்பது. ஊரில் வலை நெய்து பத்துப் பேருக்கு வேலை தருபவர் ஒருவர். அயல்நாட்டிலிருந்து இலவச வலைகள் வந்து குவிந்ததும் அவர் தொழில் படுக்கிறது. சில ஆண்டுகளில் வந்த வலைகள் கிழிகின்றன. நெய்து தர அப்போது எவரும் இல்லை.

நோயைச் சொல்வதில் வல்லவரான மோயோ, மருந்தில் வழுக்குகிறார். ஐந்தாண்டு முன்னறிவிப்புத் தந்து உதவிக் குழாயை அடைத்துவிடலாம். ஆப்பிரிக்க அரசுகள் உலகச் சந்தையில் கடன் பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டட்டும் என்கிறார். அவர் பிறந்த சாம்பியா 2012இல் 75 கோடி டாலருக்கு அத்தகைய பத்திரங்களை விற்றது. மேலும் மேலும் கடன் வாங்கியது. 2020 நவம்பரில் தவணை கட்ட இயலாமல் நின்றது. அவர் முன்மாதிரியாகக் கொண்ட கானாவும் 2022 டிசம்பரில் அதே நிலைக்கு வந்தது. உதவி தருபவர் கேள்வி கேட்காமல் தந்தார் என்றால், பத்திரம் வாங்கியவரும் வட்டியை மட்டுமே பார்த்துத் தந்தார். இரண்டு வழியிலும் குடிமக்களிடம் எவரும் கேட்கவில்லை.

அவருக்கு நாம் அநீதி செய்தலாகாது. பேரிடர் உதவியையும் அறநிறுவனங்களின் பணியையும் தம் கண்டனத்திலிருந்து அவர் விலக்கியே எழுதினார். அவர் கேட்டது ஐந்தாண்டு அவகாசம். 2025 ஜனவரியில் வந்ததோ, செய்துகொண்டிருக்கும் வேலையை உடனே நிறுத்துக என்னும் ஆணை. ஆயினும் ஒரு வருத்தமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே காம்பாவதுபோல, உதவியைத் திருத்த விரும்பியோரின் கண்டனச் சொற்களே உதவியை வெட்ட விரும்பியோருக்குக் கைப்பிடியாயின.

கயிறு கட்டிய கொடை

மூன்று நூல்களும் ஓரளவு தொட்டுவிட்டு நகர்ந்த இடமொன்று உண்டு. அரசுகள் தரும் உதவி பலவேளைகளில் முதலில் தருவோருக்கே உதவுகிறது.

1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டம் ஒருபுறம் பசித்தோருக்கு உணவு தந்தது. மறுபுறம் அந்நாட்டு உழவர்களின் மிகை விளைச்சலுக்கு வழி கண்டது. உணவு உதவியில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல்களில்தான் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மழை பொய்த்த 1966இல் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அக்காலத்தில் அதிபர் ஜான்சன் ஒவ்வொரு முறையும் கப்பலை விடுவதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்தார். இந்தியா தன் வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும், வியட்நாம் போரைக் கண்டிப்பதை நிறுத்த வேண்டும் என்பன அவர் எதிர்பார்ப்புகள். பீகாரில் மக்கள் பசியால் வாடுகையில் கடிவாளம் வாஷிங்டனில் இருந்தது. அப்போது நடுவண் அரசின் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம். வேளாண் மாற்றத்தை அவர் முன்னரே விரும்பியவர். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையைத் தருவித்து, கையேந்தும் நிலையிலிருந்து நாட்டை விடுவிக்க வழி வகுத்தவர்களுள் ஒருவரானார். கடிவாளத்தின் வலியும் அந்த விரைவுக்கு ஒரு காரணம்.

மலேசியாவின் கெலந்தான் மாநிலத்தில் எழுந்த பெர்காவ் அணை மற்றொரு பாடம். அந்த அணைக்கு பிரிட்டன் 23 கோடியே 40 இலட்சம் பவுண்டு உதவி அளித்தது. வீண்செலவு என்று உதவித் துறையின் தலைமை அதிகாரியே தடுத்தும், வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் 1991இல் ஒப்புதல் தந்தார். மலேசியா பிரிட்டனிடம் படைக்கலம் வாங்குவதோடு அவ்வுதவி முடிச்சிடப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. பிரிட்டிஷ் தன்னார்வ அமைப்பொன்று தொடுத்த வழக்கில், அவ்வுதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று இலண்டன் உயர் நீதிமன்றம் 1994 நவம்பரில் தீர்ப்பளித்தது. அறத்துக்குக் கிடைத்த வெற்றிதான். ஆயினும் அங்கே வழக்குரைத்தோர் பணம் தந்த நாட்டின் குடிமக்கள். அணை எழுந்த மண்ணின் மக்கள் அந்நீதிமன்றத்தில் இல்லை.

ஆறாம் பவுலின் மேசை

இனி, சுற்றுமடலுக்கு வருவோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967 மார்ச் 26ஆம் நாள் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' அயல்நாட்டு உதவியை நேர்முகமாகப் பேசும் மடல். அதற்கு முன்னர், 1964 டிசம்பரில், பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு அவர் வந்திருந்தார். நாடுகள் படைக்கலங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஏழை மக்களுக்கென உலக நிதியொன்றை நிறுவ வேண்டும் என்று நம் நாட்டு மண்ணில் நின்று வேண்டினார். அந்த வேண்டுகோள் சுற்றுமடலிலும் இடம்பெற்றது. பிரிட்டன் தன் உதவியை 2021இல் 0.7இலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. 2025இல், பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக, 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. திருத்தந்தை கேட்டது படைக்கலத்திலிருந்து அப்பம். நடந்தது அப்பத்திலிருந்து படைக்கலம்.

பொருளியல் நூல்களில் காணாத மூன்று கருத்துகள் இம்மடலில் உள்ளன. முதலாவது, இவ்வுலகின் நலன்கள் அனைவருக்கும் உரியவை. புனித அம்புரோசின் சிந்தனையைத் தழுவி, மிகுதியாக வைத்திருப்பவன் ஏழைக்குத் தருவது தன் உடைமையை அன்று, ஏழைக்கு உரியதைத் திருப்பித் தருகிறான் என்று மடல் உணர்த்துகிறது. இரண்டாவது, ஒரு கையால் உதவி தந்துகொண்டே மறு கையால் வணிகத்தில் ஏழை நாட்டை ஏய்த்தால் அவ்வுதவி பொருளற்றது என்கிறது. மூன்றாவது, தருவோரும் பெறுவோரும் ஒரே மேசையில் அமர்ந்து உரையாட வேண்டும் என்கிறது. பணம் எவ்வாறு செலவாகும் என்று கேட்கத் தருவோருக்கு உரிமை உண்டு; தம் நாட்டு அரசியலில் தலையிடாதீர் என்று கூறப் பெறுவோருக்கும் உரிமை உண்டு. செல்வர் வீட்டு வாயிலில் கிடந்த இலாசரை அதே மேசையில் அமரச் செய்யும் உலகையே அவர் கனவு கண்டார். இதற்கும் முன்னர், 1961இலேயே, உதவி புதியதொரு குடியேற்ற ஆதிக்கமாகிவிடக் கூடாது என்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் எச்சரித்திருந்தார்.

திருத்தந்தையின் மடல் என்பதற்காகத் திறனாய்வை நாம் ஒதுக்கிவைப்பதும் நேர்மையாகாது. 1967இன் மடல் அரசுகளைப் பெரிதும் நம்பியது. உரையாடும் மேசையில் ஏழை நாட்டின் சார்பில் அமர்ந்தவர் மொபூட்டுவாக இருந்தால் என் செய்வது? இலாசரின் நாற்காலியில் இலாசரின் பெயரால் வேறொருவர் அமர்ந்து உண்டுவிட்டால்? இந்த இடர்ப்பாட்டை மடல் போதிய அளவு எதிர்நோக்கவில்லை என்பது நம் கருத்து. 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 'உண்மையில் அன்பு' என்னும் மடலில் இதனைத் திருத்தமாகத் தொட்டார். தருவோர் பக்கமும் பெறுவோர் பக்கமும் பொறுப்பின்மையால் உதவி திசைமாறுவதையும், ஏழைகளின் பெயரால் வளரும் அலுவலகங்களின் செலவையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

ஊருணியும் பிச்சைப் பாத்திரமும்

நம் மொழிக்கு இவ்விடத்தில் ஒரு செல்வம் உண்டு. வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னர் ஒப்புரவறிதல் என்னும் தனி அதிகாரத்தை வைத்தார். ஈகை வறியவர்க்குத் தருவது. ஒப்புரவோ சமுதாயத்தோடு இசைந்து வாழ்வோன் ஆற்ற வேண்டிய கடமை. அத்தகையோன் செல்வத்துக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊரார் நீருண்ணும் குளம். ஊருணிக்குக் குடத்தோடு வரும் பெண் யாரிடமும் கையேந்துவதில்லை. தனக்குரிய நீரைத் தானே முகந்து செல்கிறாள். நீர் கலங்கினால் ஊரைக் கூட்டி ஏன் என்று கேட்கிறாள். ஒருவர் எண்ணம் மாறியதற்காக ஒரே இரவில் அந்தக் குளத்தை அடைத்துவிட முடியாது. நம் கத்தோலிக்க வழக்கில் ஒப்புரவு என்பது பிளவுண்ட உறவை மீண்டும் இணைக்கும் அருட்சாதனத்தின் பெயர். இரு பொருளும் இங்கே ஒன்றையொன்று தழுவுகின்றன. கடன் என்னும் சொல்லுக்கும் நம் மொழியில் கடமை என்னும் பழம்பொருள் உண்டு. தருவோரின் கடனாக இருக்க வேண்டியது, பெறுவோர் தலையில் வட்டியோடு ஏறும் கடனாக மாறியதே இக்காலத்தின் அவலம்.

உதவி ஊருணியாக முடியுமா? முடியும் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே சான்று உண்டு. காமராசர் காலத்தில், 1956இல், ஊரார் கொடையோடும் அரசுப் பணத்தோடும் பள்ளி மதிய உணவு பரவத் தொடங்கியது. 1961 முதல் அமெரிக்க உணவுப் பொருள்கள் 'கேர்' நிறுவனத்தின் வழியே அதற்குத் துணை வந்தன. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை விரித்தார். அயல் உணவு வருவது நின்ற பின்னரும் பள்ளி அடுப்பு அணையவில்லை. உதவி வருமுன்னரே நாம் தொடங்கிய பணி அது. சோறு வரவில்லையெனில் தாய்மார் தலைமையாசிரியரைக் கேட்பார்கள். தேர்தலில் அமைச்சரையும் கேட்பார்கள். கேள்வி கேட்கும் வாய் உள்ளூரில் இருந்தமையால் உதவி அங்கே வேரூன்றிப் பின்னர் விலக முடிந்தது.

இலங்கையில் போருக்குப் பின் இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்தையும் கருதலாம். அவற்றுள் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் அமைந்தன. அங்கே குடும்பம் ஒன்றுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. வீட்டை உரியவர்களே கட்டினர். தொகை போதாமல் கடன்பட்டோரும் உளர். எனினும் சன்னல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்தார்கள். முகாமில் வரிசையில் நின்று பழகிப்போன ஒருவருக்கு அது சிறிய உரிமை அன்று.

நம் பங்கில் நடந்தது

இவ்வளவும் எழுதிய பின்னர் நம் வீட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டும். அமெரிக்க மாவும் பால்பொடியும் எண்ணெயும் நம் பங்குத்தளங்களில் வழங்கப்பட்ட நாள்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். கத்தோலிக்கத் துயர் துடைப்புப் பணி வழியாக வந்த அந்த உணவால் பிழைத்த பிள்ளைகள் பலர். பால்பொடிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்னும் ஏச்சைக் கேட்டு மனம் புண்பட்டோரும் பலர். வரிசையில் யார் முன்னே நிற்பது, யார் பெயரை அட்டையில் எழுதுவது என்பதை வாங்குவோர் என்றேனும் முடிவு செய்தார்களா? நம் அன்பியங்களிலும் சபைகளிலும் இன்றும் உதவிப் பட்டியல் எழுதுகையில், பட்டியலில் உள்ளவர் அக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறாரா? அரசுகளிடம் நாம் கேட்கும் கேள்வி நம்மிடமும் கேட்கத் தக்கதே.

ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. கேள்வி கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசுவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். 2003இல் அதிபர் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் நோய்த் தடுப்புத் திட்டம் ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம் உயிர்களைக் காத்ததென அமெரிக்க அரசே கணக்கிட்டிருக்கிறது. நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு உயிர் வாழ்பவரிடம், உதவியின் தத்துவத்தைத் தீர்த்துக்கொண்டு வருகிறோம், அதுவரை பொறுத்திரும் என்று சொல்வது பாவம். குறையுள்ள உதவியைத் திருத்த வேண்டும். திருத்தும்வரை நிறுத்தாமல் தர வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாத திறனாய்வு, எரிந்துபோன அந்த பிஸ்கட்டுகளுக்கு ஒருவகையில் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம். காயங்களைக் கட்டியதும், விலங்கின் மேல் ஏற்றிச் சென்றதும் நம் நினைவில் நிற்கின்றன. அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் சொன்னதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை: இப்போது இரண்டு தெனாரியம், மேலும் செலவானால், திரும்பி வரும்போது தருவேன். கட்டு ஆறும்வரை தம் பொறுப்பு நீளும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். பாதிவழியில் கைவிடாத உதவிக்கு அதுவே இலக்கணம்.

அவ்வுவமையில் காயமுற்றவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. குற்றுயிராய்க் கிடந்தவரால் அன்றைக்குப் பேச முடிந்திராது. ஆனால் அவர் தேறி எழுந்திருப்பார். சாவடித் திண்ணையில் அமர்ந்து, தமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம், அந்தச் சாலையில் கள்வர் ஏன் பெருகினர் என்றெல்லாம் அவர் சொல்லத் தொடங்கியிருப்பார். திரும்பி வந்த சமாரியர் அவரருகே அமர்ந்து கேட்டிருப்பார் என்றே நாம் நம்ப விரும்புகிறோம்.